தம்பி காட்டிய இராமேஸ்வரம்

இராமேஸ்வரம் போய் வந்தவர்களிடம், "அங்கே என்ன விசேஷம்?" என்று கேட்டுப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்கள் இருபத்திரண்டு தீர்த்தம் என்பார்கள். கணவன்மார் கோயில் பிராகாரத்தின் நீளத்தைச் சொல்வார்கள். குழந்தைகளோ, "கடலுக்கு மேலே ரயில் போச்சும்மா!" என்று குதிப்பார்கள். என்னைக் கேட்டால் நான் என் தம்பியைப் பற்றித்தான் பேச ஆரம்பிப்பேன். அந்த ஊரை எனக்குச் சுற்றிக் காட்டியவன் அவன்.

அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பத்துக்கு மேல் எண்ணத் தெரியாது. மூன்று வயதில்தான் நடந்தான், ஐந்து வயதில்தான் பேசினான். டவுன் சிண்ட்ரோம் என்று இன்று சொல்கிறார்களே, அந்த நிலையோடு பிறந்தவன். தனுஷ்கோடியைப் புயல் அழித்த 1964-ஆம் வருஷம் பிறந்ததால், "புயல் வருஷத்துப் பிள்ளை" என்றே எங்கள் தெருவில் அவனுக்கு வயசுக் கணக்கு. 2013-இல் எங்களை விட்டுப் போனான்.

2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. இரண்டு வருஷத்துக்கு மேல் நின்றிருந்த இராமேஸ்வரம் ரயில் மறுபடி ஓட ஆரம்பித்தது. உடனே, "போயே ஆகணும்மா" என்று என் மகள் பிடிவாதம் பிடித்தாள். அவளுக்கு அவன் மாமா மட்டுமா? சின்ன வயசில் விளையாட்டுத் தோழனும் அவன்தான். அவளுடைய மூன்று வயதுப் பையனையும் கூட்டிக்கொண்டு மதுரையில் ரயில் ஏறினோம். அந்தப் பிரயாணத்தையும், வழிநெடுக ஞாபகத்துக்கு வந்த பழைய பிரயாணங்களையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பாஸில் அவன் பேரும் உண்டு

மதுரையிலிருந்து இராமேஸ்வரம் ரயிலில் ஏறக்குறைய 160 கிலோமீட்டர். வழியில் முதல் பெரிய ஸ்டேஷன் மானாமதுரை. வைகைக் கரை ஊர். மண்பாண்டத்துக்குப் பேர் போனது. கச்சேரியில் வாசிக்கிற கடத்துக்காக வித்வான்கள் தேடி வருகிற இடம். 2023-இல் இந்த ஊர் மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

எங்கள் அப்பாவுக்கு இங்கேதான் உத்தியோகம். ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். தம்பி பிறந்தபோது எனக்கு ஐந்து வயது, அம்மாவுக்கு முப்பத்தெட்டு. பிள்ளை துணி மாதிரி துவண்டு கிடந்தான். பால் குடிக்கவே திணறினான். இரண்டு வயதாகியும் சரியாக உட்காரவில்லை என்று மதுரைக்குத் தூக்கிப் போனார்கள். டாக்டர் அவனுடைய மேல்நோக்கிச் சாய்ந்த கண்களையும், உள்ளங்கையில் குறுக்கே ஓடிய ஒற்றை ரேகையையும் பார்த்தார். "மந்தபுத்தி. மருந்து கிடையாது. ரொம்ப எதிர்பார்க்காதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஊர் சும்மா இருக்குமா? "கிரகணத்துல வெளியே வந்திருப்பே" என்றார் ஒருவர். "பப்பாளி தின்னியா?" என்றார் இன்னொருவர். அம்மா வருஷக்கணக்கில் அந்தப் பழியைச் சுமந்தாள். உண்மை என்னவென்றால், நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் 46 குரோமோசோம்கள் இருக்கின்றன. இந்தக் குழந்தைகளுக்கு 21-ஆவது குரோமோசோம் ஒன்று கூடுதல், மொத்தம் 47. கரு உண்டாகும்போதே நேர்ந்துவிடுகிற விஷயம் அது. தாய் சாப்பிட்டதோ, நின்றதோ, நடந்ததோ எதுவும் காரணமில்லை. தாயின் வயது கூடக்கூட இதற்கான வாய்ப்பு கூடுகிறது என்பது நிஜம்தான். ஆனால் இருபது வயதுத் தாய்க்கும் இப்படிப் பிறப்பதுண்டு. இந்நிலையை ஜான் லாங்டன் டவுன் என்ற ஆங்கிலேய டாக்டர் 1866-இலேயே விவரித்து எழுதிவிட்டார். காரணத்தைப் பிரெஞ்சு விஞ்ஞானிகள் கண்டறிந்து சொன்னதோ 1959-இல். என் தம்பி பிறப்பதற்கு ஐந்தே வருஷத்துக்கு முன்! மானாமதுரைத் தெருவுக்கு அந்தச் செய்தி வந்து சேர எத்தனை காலம் ஆகியிருக்கும், நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பின்கட்டு அறையில் வைத்துவிடுவார்கள். விருந்தாளி வந்தால் கதவைச் சாத்திவிடுவார்கள். அம்மா அதைச் செய்யவில்லை. பக்கத்திலிருந்த மண்பாண்டக்காரர் வீட்டுக்கு அவனைக் கூட்டிப் போய்விட்டாள். அங்கே களிமண்ணை மிதித்தான், பிசைந்தான், உருட்டினான். துவண்டு கிடந்த கால்களுக்கும் விரல்களுக்கும் அது எவ்வளவு நல்ல பயிற்சி என்று இன்று பிசியோதெரபிஸ்டுகள் சொல்வார்கள். அம்மாவுக்கு அந்த வார்த்தையெல்லாம் தெரியாது. "சும்மா கிடந்தா மரத்துப் போயிடுவான்" என்பாள், அவ்வளவுதான்.

சாயங்காலங்களில் அப்பா அவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போவார். பெஞ்சில் உட்கார வைத்து, ஒவ்வொரு ரயிலும் எங்கே போகிறது என்று சொல்வார். வருஷத்துக்கு ஒருமுறை ரயில்வே பாஸில் எங்களை இராமேஸ்வரம் கூட்டிப் போவார். அப்போது மஞ்சள் பலகை வரும்போதெல்லாம் விரலைக் காட்டிப் பேர் சொல்லிக் கொடுப்பார். இரண்டு, மூன்று வருஷத்தில் அதிசயம் நடந்தது. ஒன்று, இரண்டு எண்ண வராத பிள்ளை, "பரமக்குடி, சத்திரக்குடி, ராம்நாடு, வாலாந்தரவை, உச்சிப்புளி, மண்டபம், பாம்பா!" என்று வரிசை தப்பாமல் பாட ஆரம்பித்தான். எழுத்துத் தெரியாது, ஆனால் பலகையின் நீளத்தையும் எழுத்துகளின் உருவத்தையும் வைத்தே அடையாளம் கண்டுகொள்வான். இந்தக் குழந்தைகளில் பலருக்குக் காதால் கேட்டுக் கற்பதைவிடக் கண்ணால் பார்த்துக் கற்பது சுலபம் என்கிறார்கள் நிபுணர்கள். அப்பா போட்ட மஞ்சள் பலகைப் பாடம் அதுதானே!

ரயில் பெட்டியில் எல்லோரும் அன்பாக இருந்தார்கள் என்று சொல்லமாட்டேன். முறைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. தங்கள் குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொள்பவர்கள் உண்டு. ஒருமுறை ஓர் அம்மாள், "இத்தனை கூட்டத்துல இவனை எதுக்கு இழுத்துக்கிட்டு அலையறீங்க?" என்றே கேட்டுவிட்டார். அம்மா கோபப்படவில்லை. டிபன் காரியரைத் திறந்துகொண்டே, "பாஸ்ல அவன் பேரும் இருக்கும்மா" என்றாள். அந்த அம்மாளுக்கும் இரண்டு இட்லி வைத்துக் கொடுத்தாள். ராமநாதபுரம் வருவதற்குள் அவரே தம்பியின் வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார்!

ராமநாதபுரத்தில் கேட்ட யோசனை

ராமநாதபுரம் சேதுபதி மன்னர்களின் தலைநகரம். அவர்களுடைய ராமலிங்க விலாசம் அரண்மனையின் சுவரோவியங்களைப் பார்க்கவே ஒரு தடவை இறங்கலாம். குண்டுகுண்டாக இருக்கிற முண்டு மிளகாய் வாங்கிக்கொள்ளவும் மறக்காதீர்கள். குழம்புக்கு அந்த வாசனை தனி.

இந்த ஊரில் எங்களுக்கு ஒரு உறவுக்காரர் வீடு இருந்தது. தம்பிக்குப் பதினைந்து வயதிருக்கும்போது அங்கே தங்கினோம். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அந்த வீட்டுப் பெரியவர் அம்மாவிடம் மெதுவாக ஆரம்பித்தார். "பொண்ணு கல்யாண வயசுக்கு வந்துட்டா. இவன் வீட்ல இருந்தா யார் கட்டுவா? எங்கேயாவது ஒரு இடத்துல சேர்த்து விட்டுடு. மாசம் பணம் கட்டினாப் போதும்." நான் அடுத்த அறையில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. "இவனோட சேர்த்து என் பொண்ணைப் பார்க்கிறவன் வரட்டும்ணே. மத்தவன் வேண்டாம்."

வந்தார். 1981-இல் என்னைப் பெண் பார்க்க வந்த என் கணவரிடம் தம்பி நேராகப் போய், "அத்தான், டிக்கெட்?" என்று கை நீட்டினான். அவர் சட்டைப் பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். தம்பி அதை ஒரு மூலையில் கிழித்துத் திருப்பிக் கொடுத்தான். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது!

2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இதே மாவட்டத்தின் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த ஒரு தனியார் விடுதி தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்பிக்க முடியாமல் இறந்துபோனார்கள். அந்தச் செய்தி வந்த நாளில் அம்மா வாயே திறக்கவில்லை. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தாள்.

ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். மனநோய் வேறு, அறிவு வளர்ச்சிக் குறைபாடு வேறு. மனநோய் எந்த வயதிலும் வரலாம். அதற்கு மருந்தும் சிகிச்சையும் உண்டு. தம்பியினுடையது பிறவியிலேயே வந்த நிலை. அதை மருந்தால் மாற்ற முடியாது. பயிற்சியால் வாழக் கற்றுக்கொடுக்கலாம். இரண்டில் எதற்குமே சங்கிலி வைத்தியம் ஆகாது.

கையை விரித்த பாலம்

உச்சிப்புளி தாண்டியதும் காற்றில் உப்பு வாடை வந்துவிடும். மண்டபம் வந்தால் தென்னைகளுக்கு நடுவே நீலம் தெரியும். அப்புறம் இரண்டு பக்கமும் தரை நழுவி, ரயில் கடலுக்கு மேல் ஏறிவிடும்.

பழைய பாலம் 1914-இல் திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளம். 1988-இல் பக்கத்திலேயே சாலைப் பாலம் வரும்வரை, தரைவழியாகத் தீவுக்குள் போக இந்த ரயில் ஒன்றுதான் கதி. கப்பல் வந்தால் நடுப்பாகம் இரண்டாகப் பிரிந்து, மேல்நோக்கி உயர்ந்து வழிவிடும். ஆட்கள் கையால் சுற்றித்தான் அதைத் திறப்பார்கள். ஒருமுறை பாம்பன் கரையில் நின்று அந்தக் காட்சியைப் பார்த்தோம். தம்பிக்கு அப்போது நாலு வயது. இன்னும் பேச்சு வரவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து வைத்து, மெதுவாகப் பிரித்து மேலே தூக்கிக் காட்டினான். எங்களுக்குப் புரிந்துவிட்டது, பாலம் திறக்கிறது!

அன்றிலிருந்து அதுதான் எங்கள் வீட்டில் இராமேஸ்வரத்துக்குப் பேர். "எப்போ போறோம்?" என்று கேட்க வேண்டுமானால் கையை விரிப்பான். "நாளைக்கு" என்று சொல்ல நாங்களும் விரிப்போம். சந்தோஷம் வந்தாலும் அதே ஜாடை. பேச்சு தாமதமாகிற குழந்தைக்குக் கைஜாடை கற்றுக்கொடுத்தால் பேச்சு வராமலே போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படியில்லை. சொல்ல வந்ததைச் சொல்ல ஒரு வழி கிடைத்தால் குழந்தையின் ஆத்திரம் அடங்குகிறது. பேச்சுக்கும் அது படிக்கட்டாகிறது. இன்று பேச்சுப் பயிற்சியாளர்களும் கைஜாடையோடு சேர்த்தே சொல்லிக்கொடுக்கிறார்கள்.

பழைய பாலத்தில் ரயில் ஊர்ந்துதான் போகும். ஐந்து பைசா நாணயங்களை எல்லோரும் கடலில் போடுவார்கள். தம்பி போடமாட்டான். ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டு, சக்கரம் 'தடக் தடக்' என்று போகிற சத்தத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வருவான். வாழ்க்கையில் அவன் வேகத்துக்கு இறங்கி வந்தது அந்த ரயில் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றும்.

புதிய பாலம் வேறு தினுசு. நடுவிலே 72.5 மீட்டர் நீளத் துண்டு, லிஃப்ட் மாதிரி அப்படியே நேராக 17 மீட்டர் வரை மேலே போகிறது. மோட்டார் வேலை செய்கிறது. ஆள் சுற்ற வேண்டியதில்லை. இந்த மாதிரிச் செங்குத்துத் தூக்குப் பாலம் கடலில் அமைந்தது இந்தியாவில் இதுதான் முதல். ரயில் சில நிமிஷங்களில் கடந்துவிட்டது. பேரன், "ஐயா! தண்ணி, தண்ணி!" என்று கத்தினான். என் மகள் அவன் கைகளைப் பிடித்து, சேர்த்து வைத்து, மெல்லப் பிரித்து மேலே தூக்கினாள். "இதுதாண்டா பாம்பன். உன் தாத்தா மாமா கத்துக்கொடுத்தது."

தாமதமாய் வந்தவருக்கு முதல் பூஜை

இராமேஸ்வரத்தில் முதலில் அக்னி தீர்த்தம். கோயிலுக்குக் கிழக்கே இருக்கிற கடல்தான் அது. அலையே இல்லாமல் குளம் போல் கிடக்கும். இந்தப் பக்கத்தைப் பெண் கடல் என்றும், தனுஷ்கோடிப் பக்கம் ஆர்ப்பரிக்கிற தென் கடலை ஆண் கடல் என்றும் இங்குள்ளவர்கள் சொல்வார்கள். குழந்தைகளோடு குளிக்கப் பெண் கடல்தான் தோது.

அப்புறம் கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தம். ஒவ்வொரு கிணற்றிலும் வாளியால் இறைத்துத் தலையில் ஊற்றுவார்கள். முதல் வாளி திடீரென்று தலையில் விழுந்ததும் தம்பி அலறிவிட்டான். எதிர்பாராமல் தண்ணீரோ சத்தமோ மேலே வந்து மோதினால் அவனுக்குத் தாங்காது. தரையில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டான். பின்னால் கூட்டம், "நகருங்க, நகருங்க" என்கிறது. தீர்த்தம் ஊற்றுகிறவர் வயசானவர். கிணற்று மேட்டிலிருந்து இறங்கி வந்தார். வாளியைத் தரையில் வைத்து, "தொட்டுப் பாரு தம்பி. ஜில்லுனு இருக்கா?" என்றார். தம்பி விரலை விட்டான். அப்புறம் கையை விட்டான். "இப்ப நீயே ஊத்திக்கோ" என்று வாளியை அவன் கையிலேயே கொடுத்துவிட்டார்.

அவ்வளவுதான். அடுத்த கிணற்றிலிருந்து வாளி அவன் கையில்! தனக்கு ஊற்றி, அம்மாவுக்கு ஊற்றி, முன்பின் தெரியாத ஒரு வடநாட்டுப் பாட்டிக்கும் ஊற்றினான். அந்தப் பாட்டி இரண்டு கையையும் கூப்பி அவனைக் கும்பிட்டார். அன்று அந்தத் தீர்த்தக்காரர் செய்ததைத்தான் இப்போதெல்லாம் பயிற்சி மையங்களில் சொல்லித் தருகிறார்கள்: முதலில் காட்டு, தொட விடு, பிறகு செய்.

ஈரம் மாற்றிக்கொண்டுதான் சந்நிதிக்குப் போக வேண்டும். அதற்கு முன் மூன்றாம் பிராகாரம். 1212 தூண்கள். கல்லே காடாக நிற்கிற மாதிரி இருக்கும். தட்டைப் பாதமும் தளர்ந்த தசையும் உள்ள தம்பிக்கு மேடு பள்ளத்தில் நடப்பது கஷ்டம். இங்கே சமதளம், நிழல், குளிர்ச்சி. ஒவ்வொரு தூணையும் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வருவான். அவன் முடிக்கும்வரை நாங்கள் உட்கார்ந்து காத்திருப்போம். அந்தச் சிற்பங்களை நான் நிதானமாகப் பார்த்தது அவன் தயவில்தான்.

இந்தக் கோயிலின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இராமர் பூஜை செய்ய லிங்கம் கொண்டுவரச் சொல்லி அனுமாரைக் கைலாசத்துக்கு அனுப்பினார். நேரமாகிவிட்டது, அனுமார் வரவில்லை. சீதை மணலாலேயே லிங்கம் பிடித்துவிட்டாள். பூஜை முடிந்தது. அப்புறம் வந்து சேர்ந்த அனுமார் மனம் உடைந்து நின்றார். இராமர் அவரைச் சமாதானப்படுத்தி, அவர் கொண்டுவந்த லிங்கத்தையும் பக்கத்தில் வைத்து, "இதற்கே முதல் பூஜை" என்று வாக்குக் கொடுத்தாராம். இன்றைக்கும் அனுமார் கொண்டுவந்த விசுவலிங்கத்துக்குத்தான் முதல் பூஜை, இராமலிங்கத்துக்கு அப்புறம்தான்.

அம்மா ஒவ்வொரு தடவையும் இந்தக் கதையைச் சொல்லுவாள். கடைசியில் தம்பியின் தலையைத் தடவி, "பாத்தியாடி, லேட்டா வந்தவருக்குத்தான் இந்தக் கோயில்ல முதல் பூஜை. என் புள்ள லேட்டா நடந்தான், லேட்டாப் பேசினான். வந்து சேர்ந்தான்ல?" என்பாள். எங்கள் வீட்டில் சாப்பாடு முதலில் அவனுக்குத்தான். புதுத் துணியும் முதலில் அவனுக்குத்தான். எனக்கு அதில் ஒருநாளும் வருத்தம் இருந்ததில்லை. காரணம்தான் கோயிலிலேயே இருந்ததே!

ஒவ்வொன்றாய் உதிர்ந்த ஸ்டேஷன்கள்

1991-இல் அப்பா காலமானதும் அம்மாவும் தம்பியும் மதுரைக்கு எங்களோடு வந்துவிட்டார்கள். 2004-இல் அம்மாவும் போய்விட்டாள். அப்பாவின் குடும்ப ஓய்வூதியம், சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறனாளிப் பிள்ளை என்பதால், விதிப்படி தம்பிக்கு ஆயுள் முழுக்க வந்தது. மாதா மாதம் அந்தப் பணத்தை வாங்கி வந்து, ஒரு நோட்டை என் மகளிடம் கொடுத்து, "டிக்கெட்டுக்கு" என்பான்.

அவனுக்கு நாற்பத்து மூன்று வயதிருக்கும்போது ஏதோ மாறியது. காலையில் எழுந்ததும் சொல்லுகிற ஸ்டேஷன் வரிசையில் சத்திரக்குடி விழுந்துவிட்டது. அப்புறம் வாலாந்தரவை. சட்டைப் பொத்தான் போடுகிற கை பாதியில் நின்றது. "வயசாகுதுல்ல" என்றார்கள். ஒரு நல்ல டாக்டர் முதலில் தைராய்டு பரிசோதனை செய்யச் சொன்னார். இவர்களுக்குத் தைராய்டு குறைவு சகஜம். அதனாலும் மந்தமும் மறதியும் வரும், மாத்திரையில் சரியாகும். காது கேட்கிறதா, கண்ணில் புரை இருக்கிறதா என்றும் பார்த்தார். அதெல்லாம் இல்லை என்றான பிறகுதான், இது அல்சைமர் மறதி நோய் என்றார். மூளையில் படிந்து இந்த நோயை உண்டாக்குகிற புரதத்துக்கான மரபணு, 21-ஆவது குரோமோசோமில்தான் இருக்கிறதாம். இவர்களுக்கு அது கூடுதலாக இருப்பதால், மற்றவர்களுக்கு எழுபது, எண்பதில் வருவது இவர்களில் பலருக்கு ஐம்பதை ஒட்டியே வந்துவிடுகிறது.

மறதி கூடக்கூட வரிசை குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் இரண்டு பேர்தான் மிச்சம். பாம்பா, தனுக்கோடி. அப்பா காலத்து ரயில்வழியில் பாம்பனுக்குப் பிறகு தனுஷ்கோடி உண்டு. அந்தப் பழைய வரிசையைத்தான் அவர் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். அந்த ஸ்டேஷன் இல்லாமல் போய் வருஷங்கள் ஆனதை அவனிடம் யாரும் சொல்லவில்லை. பேச்சும் நின்ற பிறகு, நிமோனியாவில் படுத்திருந்த அந்த வாரத்தில், என் மகள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கைகளைச் சேர்த்து விரித்துக் காட்டினாள். அவன் விரல்கள் போர்வைக்கு மேல் கொஞ்சம் பிரிந்தன. அவனுக்குப் புரிந்தது என்றுதான் நாங்கள் நினைக்கிறோம்.

அந்தக் கடைசி ஸ்டேஷனுக்கு இந்தத் தடவை போனோம். முன்பெல்லாம் மணலில் வேனில் குலுங்கிக்கொண்டு போக வேண்டும். 2017-இலிருந்து அரிச்சல்முனை வரை நல்ல தார்ச்சாலை இருக்கிறது. 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு வீசிய புயலில், நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு ஒரு ரயிலையே கடல் கொண்டுபோன இடம். தேவாலயத்தின் சுவர்களும் ஸ்டேஷனின் இடிபாடுகளும் நிற்கின்றன. மஞ்சள் பலகை எதுவும் இல்லை. பேரன் மட்டும் மணலில் காலைப் புதைத்துக்கொண்டு, அம்மா சொல்லிக்கொடுத்தபடி, "தனுக்கோடி!" என்று கத்தினான். மாமா சொன்ன அதே உச்சரிப்பு!

நீங்களும் கூட்டிப் போங்கள்

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒரு குழந்தை இருந்தால், அதை விட்டுவிட்டு ஊருக்குப் போகாதீர்கள். சில யோசனைகள்:

உதவி ஆள் இல்லாமல் பிரயாணம் செய்ய முடியாத அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்கும், கூடப் போகிற ஒருவருக்கும் ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏ.சி. வகுப்புகளில் 75 சதவீதம் கட்டணச் சலுகை உண்டு. அரசு டாக்டர் சான்றிதழோடு ரயில்வேயில் விண்ணப்பித்து முன்கூட்டியே அட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆடி, தை அமாவாசைக் கூட்டத்தைத் தவிர்த்து, சாதாரண நாளில் போங்கள். போகும் இடத்தின் படங்களை ஒரு வாரம் முன்பிருந்தே காட்டுங்கள். வீட்டில் குளிக்கும்போது, மெதுவாகத் தலையில் ஊற்றிப் பழக்குங்கள். பேரும் போன் நம்பரும் எழுதிய அட்டையைச் சட்டைக்குள் குத்திவிடுங்கள்.

கைக்குழந்தையாக இருந்தால், பிரயாணத்துக்கு முன்னால் முக்கியமானது ஒன்று. டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருதயக் கோளாறு இருக்கலாம். எக்கோ பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். தைராய்டு, காது, கண் பரிசோதனைகளைக் காலாகாலத்தில் செய்யுங்கள். அரசு மருத்துவமனைகளில் இயங்குகிற மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் பயிற்சி இலவசம். எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது.

பிள்ளைக்குப் பதினெட்டு வயது முடிந்ததும், 1999-ஆம் வருஷத்து தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான குழுவிடம் சட்டபூர்வ பாதுகாவலர் சான்றிதழ் வாங்கி வையுங்கள். நமக்குப் பின்னால் ஓய்வூதியம், பேங்க் கணக்கு எல்லாவற்றுக்கும் அது உதவும்.

என் தம்பி பிறந்த காலத்தில் இந்த வசதிகள் ஒன்றுமில்லை. அவனுக்குக் கிடைத்ததெல்லாம் மிதிக்க மண்ணும், பார்க்க மஞ்சள் பலகையும், "பாஸ்ல அவன் பேரும் இருக்கு" என்று சொல்ல ஓர் அம்மாவும்தான். அவற்றை வைத்துக்கொண்டே நாற்பத்தொன்பது வருஷம் எங்கள் வீட்டை நிறைத்துவிட்டுப் போனான். உங்கள் வீட்டுக் குழந்தைக்கோ அவையும் உண்டு, இந்த வசதிகளும் உண்டு. அடுத்த விடுமுறைக்கு டிக்கெட் எடுக்கும்போது அதன் பேரையும் சேர்த்தே எழுதுங்கள், சகோதரிகளே. மெதுவாக வரட்டும். வந்து சேர்ந்ததும் முதல் பூஜை அதற்குத்தான்!